நிறமா? நிறைவா?

குழந்தை பிறந்த வீட்டிற்கு வரும் உறவினர் முதலில் கேட்பது, "ஆணா, பெண்ணா?" என்பது. அடுத்துக் கேட்பது, "நல்ல கலரா?" என்பது. மயிலாப்பூரானாலும் சரி, தியாகராய நகரானாலும் சரி, அடையாறானாலும் சரி, இந்த இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடுமுறையே கிடையாது. பிறந்தது பெண்ணாக இருந்துவிட்டால், அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து வந்தவர் முகம் மலரும். அல்லது, "போகட்டும், முகம் களையாக இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

'கலர்' என்ற சொல்லுக்கு நிறம் என்பதே பொருள். ஆனால் நம் வீடுகளில் 'பெண் நல்ல கலர்' என்றால் சிவந்த பெண் என்றுதான் பொருள் கொள்கிறோம். அப்படியானால் கறுத்த பெண்ணுக்கு நிறமே இல்லையா? ஒரு சிறு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய தீர்ப்பு அடங்கியிருக்கிறது, பாருங்கள்! இந்தச் சொல்லைப் பற்றியும், இதைக் கேட்டுக்கேட்டு வளரும் எங்களைப் போன்ற பெண்களின் மனத்தைப் பற்றியும் சில எண்ணங்களை இங்கே எழுத விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அழகுபடுத்திக் கொள்வதே தவறு என்று உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. நாங்கள் வாழும் பகுதியே அலங்காரத்திற்குப் பெயர் போன பகுதி. 1928-ஆம் ஆண்டு முதல் பட்டுக்குப் பெயர் பெற்ற நல்லி கடையும், நெருக்கித் தள்ளும் ரங்கநாதன் தெருவும், வளையலும் காதணியும் குவிந்து கிடக்கும் பாண்டி பஜாரும் தியாகராய நகரில் இருக்கின்றன. மயிலை மாட வீதிகளில் மல்லிகையும் கதம்பமும் முழக் கணக்கில் விற்கின்றன. பண்டிகைக்குப் புதுப் பாவாடை வாங்கி, அதற்கேற்ற ரிப்பனும் வளையலும் தேடி அலைவதில் உள்ள மகிழ்ச்சியை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாகரிகம் காலத்துக்குக் காலம் மாறும். அம்மா காலத்துப் பஃப் கை இரவிக்கையைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். எங்கள் உடைகளைப் பார்த்து நாளை எங்கள் மகள்கள் சிரிப்பார்கள். அதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் அலங்காரம் வேறு, திருத்தம் வேறு. பூ வைத்துக்கொள்ளும் பெண் தன்னிடம் உள்ளதோடு ஒன்றைச் சேர்க்கிறாள். நிறத்தை மாற்ற முயலும் பெண்ணோ, தான் பிறந்த மேனியே பிழை என்று நம்பி அதைத் திருத்தப் பார்க்கிறாள். முன்னது விளையாட்டு, பின்னது வேதனை. இந்த வேதனையை வைத்து நடந்த, இன்றும் நடக்கிற வியாபாரம் மிகப் பெரியது.

அந்த வியாபாரத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 1975-ஆம் ஆண்டு இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சை நம் நாட்டில் அறிமுகப்படுத்தியது. பெயரிலேயே செய்தி இருந்தது: சிவப்பாக இருந்தால்தான் அழகு. அதன் விளம்பரங்களில் ஒரே கதைதான் மீண்டும் மீண்டும் வரும். கறுத்த பெண் வருந்துவாள், பூச்சைப் பூசுவாள், சிவப்பாவாள், வேலையோ வரனோ தேடி வரும். அவற்றில் ஒரு விளம்பரத்தில், தனக்கு மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் முகப்பூச்சின் உதவியால் விமானப் பணிப்பெண்ணாகிப் பெற்றோரை மகிழ்விப்பாள். படித்த படிப்புக்கும் பழகிய பண்புக்கும் அக்கதையில் இடமே இல்லை! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் இதனை எதிர்த்து விடாமல் முறையிட்டனர். அதன் பயனாக 2003-ஆம் ஆண்டு அத்தகைய விளம்பரங்கள் தொலைக்காட்சியிலிருந்து நீக்கப்பட்டன.

பெண்களிடம் விற்றது போதாதென்று 2005-ஆம் ஆண்டு 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்று ஆண்களுக்கும் ஒரு பூச்சு வந்தது. கறுத்த நிறமுடையோரைத் துயருற்றவராகவும் தாழ்ந்தவராகவும் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பின மனிதர் காவலரால் கொல்லப்பட்டார். நிறவெறிக்கு எதிராக உலகெங்கும் எழுந்த குரல் நம் நாட்டு மருந்துக் கடை அலமாரி வரை வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் 'ஃபேர்' என்ற சொல் நீங்கி, அந்தப் பூச்சின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. ஒரு சொல்லை மாற்ற 45 ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் போராட்டத்தில் நம் சென்னைக்கும் சிறப்பான பங்கு உண்டு. அது எங்களுக்குப் பெருமை தரும் செய்தி. சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பை நிறுவிய திருமதி கவிதா இம்மானுவேல், 2009-ஆம் ஆண்டு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்', அதாவது 'கறுப்பும் அழகே' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். விளம்பரங்களைப் பார்த்து மயங்காமல் அவற்றைப் படித்தறியும் பயிற்சியைப் பள்ளி மாணவியருக்கு அவ்வமைப்பு அளித்து வந்தது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் இதற்குத் துணை நின்றபோது நாடு முழுவதும் இப்பேச்சு எழுந்தது. 2017-ஆம் ஆண்டு சென்னைக் கலைஞர்களான பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நீலும், இலக்குமி, கலைமகள், முருகன் முதலிய தெய்வ வடிவங்களில் கருநிற இளைஞரையும் பெண்களையும் நிறுத்திப் புகைப்படங்கள் எடுத்தனர். நாட்காட்டிப் படங்களில் மாவு பூசியது போன்ற முகங்களையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அவை புதுமையாக இருந்தன. நம் தெருவில் நாம் நாள்தோறும் பார்க்கும் முகங்கள்தாம் அவை!

டப்பாவின் பெயர் மாறிவிட்டது. நம் வீட்டுப் பேச்சு மாறியதா? அதுதான் எங்கள் கேள்வி.

விளம்பரம் எழுதியவர்கள் எங்கோ அலுவலகத்தில் இருந்தார்கள். ஆனால் அந்த விளம்பரத்திற்கு முன்பே நம் வீட்டுக் கூடத்தில் விளம்பரம் நடந்துவிட்டது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்து, "குழந்தை சிவப்பாகப் பிறக்கும்" என்கிறோம். குழந்தைக்குக் கடலை மாவு தேய்க்கும்போது, "தேய்த்தால் கொஞ்சம் வெளுக்கும்" என்கிறோம். இரண்டு பெண்கள் உள்ள வீட்டில், "பெரியவள் அப்பா மாதிரி கறுப்பு, சின்னவள் அம்மா மாதிரி கலர்" என்று இருவரையும் எதிரே வைத்துக்கொண்டே விருந்தினரிடம் அறிமுகம் செய்கிறோம். புடவைக் கடையில், "இந்தக் கலர் உன் நிறத்துக்கு எடுக்காது" என்று வேண்டிய நிறத்தைத் தள்ளி வைக்கிறோம். இவற்றைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டிமாரும் அத்தைமாரும் தாம். ஆகவேதான் அச்சொற்கள் ஆழமாக இறங்குகின்றன. அயலான் சொல்லை உதறிவிடலாம். அன்பானவர் சொல்லை உதற முடிவதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. "வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்" என்பது. பத்து வயது வரை மைதானத்தில் மான் போல ஓடிய பெண்கள், பதின்மூன்று வயதில் நிழலைத் தேடி ஒதுங்குவதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். எறிபந்து விட்டுப் போகும், ஓட்டம் விட்டுப் போகும், என்.சி.சி. அணிவகுப்பு விட்டுப் போகும். கேரளத்துப் பையோலியைச் சேர்ந்த பி.டி. உஷா வெயிலுக்கு அஞ்சி வீட்டிலிருந்திருந்தால், 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிடும் அளவுக்கு உலக வீராங்கனையரோடு ஓடியிருப்பாரா? அவர் நான்காவதாக வந்தார். ஆனாலும் அந்த ஓட்டத்தை நாடு இன்றும் மறக்கவில்லை. அவர் நிறம் என்னவென்று அன்று யாரும் அளக்கவில்லை.

நிறம் என்பதுதான் என்ன? உயிரியல் வகுப்பில் நாம் படிப்பதுதான். தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் இச்செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் வகையிலும் பரவலிலும் தான் வேறுபாடு. இந்த நிறமி சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடை. நம் சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 13 பாகையில் இருக்கிறது. இங்கு அடிக்கும் வெயிலுக்கு எத்தகைய தோல் வேண்டுமோ அத்தகைய தோலையே நம் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகளில் பெற்று நமக்கு அளித்திருக்கின்றனர். நிறத்தைத் தீர்மானிப்பவை தாய் தந்தையரிடமிருந்து வரும் மரபணுக்கள். குங்குமப்பூவுக்கு அங்கே வேலை இல்லை. பாலுக்கு மணம் வேண்டுமானால் கிடைக்கும்.

இயற்கை கொடுத்த குடையைக் கிழித்தெறிய முயன்றால் என்ன ஆகும்? தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகின்றனர். சிவப்பாக்கும் என்று சொல்லி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. பூசியவுடன் முகம் பளிச்சென்று தோன்றும். நாள்பட நாள்படத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும்; பருக்கள் கிளம்பும்; முகத்தில் முடி வளரும்; நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னிலும் மிகும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதி செய்தது. வேறு சில பூச்சுகளில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய பூச்சுகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தனர். 2023-ஆம் ஆண்டு அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டனர். சௌந்தர்யத்தைத் தேடிப் போய்ச் சிறுநீரகத்தை இழப்பதா? தோழியரே, தயாரித்தவர் பெயரும் கலந்துள்ள பொருள்களின் பட்டியலும் இல்லாத எந்தப் பூச்சையும், யார் கொடுத்தாலும், முகத்தில் தொடாதீர்கள்.

'கறுப்பு நமக்கு என்றுமே பிடித்ததில்லை, அது பழைய வழக்கம்' என்பார் உண்டு. தமிழ் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகைக் குறிக்கும் சொல் 'மாமை' என்பது. மாந்தளிர் போன்ற கருமை கலந்த மினுமினுப்பான நிறம் என்று அதற்கு உரை கூறுவர். தலைவனைப் பிரிந்த துயரால் அந்த மாமை மறைந்து, மேனி வெளிறிப் போவதற்குப் 'பசலை' என்று பெயர். திருக்குறளில் பசலைக்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: நம் முன்னோருக்குக் கருமேனி அழகு, வெளிறிய மேனி நோயின் அறிகுறி! அவர்கள் நோய் என்று வருந்தியதை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். என்னே விந்தை! 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி சொல்லும் பாட்டியே, பேத்திக்கு வரன் பார்க்கும்போது மட்டும் பழமொழியை மறந்துவிடுகிறார்.

திரையுலகமும் இதற்கு விலக்கன்று. கோடம்பாக்கத்தில் தமிழ்ப் பெண்ணின் கதையைப் படமாக்கச் சிவந்த நாயகியரைத் தேடி வடக்கே போவதும், ஏழைப் பெண் வேடமென்றால் அவர்கள் முகத்தில் கருமை பூசுவதும் பழகிப்போன செய்தி. மாநிறத்தவரான நடிகை சரிதா, 1981-இல் வெளிவந்த 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் காட்டிய நடிப்பை எங்கள் பெற்றோர் இன்றும் சொல்லி வியக்கின்றனர். அதே சரிதா பிற்காலத்தில் வேற்று மொழியிலிருந்து வந்த நாயகியர் பலருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தார். முகம் ஒருவருடையது, குரல் இவருடையது! மாறாக, கோத்தகிரியில் பிறந்த சாய் பல்லவி, 2015-இல் வந்த தம் முதல் மலையாளப் படத்தில் முகப்பருவை மறைக்காமலேயே நடித்தார். சிவப்பழகுப் பூச்சு விளம்பரத்துக்குத் தருவதாகச் சொன்ன 2 கோடி ரூபாயை வேண்டாமென்றார் என்று 2019-இல் செய்தி வந்தது. பருக்களோடு கண்ணாடி முன் நிற்கும் எங்களுக்கு அந்த 'வேண்டாம்' எவ்வளவு பெரிய துணை என்பதைப் பெரியவர்கள் அறியமாட்டார்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்து பிறப்பு விழா நாடகம் என்றால், சிவந்த பெண் மரியன்னையாகவும் வானதூதராகவும் வருவதும், கறுத்த பெண் இடையனாகவோ கறுப்பு அரசனாகவோ நிற்பதும் பல மேடைகளில் எழுதாத சட்டமாக இருக்கிறது. மரியன்னை மேற்காசியாவில் நாசரேத்து என்னும் சிற்றூரில் வாழ்ந்த யூதப் பெண்மணி. நீல விழியையும் பொன்னிறக் கூந்தலையும் அவருக்குக் கொடுத்தவர்கள் ஐரோப்பிய ஓவியர்கள். மெக்சிகோ நாட்டின் குவாடலூப் அன்னையின் திருவுருவம் கருநிறமுடையது. அந்நாட்டு மக்கள் 'கருநிறத்தாள்' என்று பொருள்படும் செல்லப் பெயரால் அவரை அழைத்து மகிழ்கின்றனர். வசனத்தைத் தெளிவாகப் பேசுபவருக்கு வேடம், என்ற ஒரே விதியை எல்லாப் பள்ளிகளும் கைக்கொண்டால் எத்தனையோ பெண்கள் மேடையின் நடுவில் நின்று பார்ப்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு முறை நடுவில் நின்றவள் பிறகு ஓரத்துக்கு ஒதுங்கமாட்டாள்.

பெற்றோர் கேட்கலாம்: "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. நாளை கல்யாணச் சந்தையில் எவன் ஒப்புக்கொள்வான்? பிள்ளை வீட்டார் முதலில் கேட்பதே நிறத்தைத்தானே?" இந்தக் கவலை பொய்யன்று. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவை விளம்பரங்களை நாங்களும் படித்திருக்கிறோம். ஆனால் கேள்வி இருப்பதால்தான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதில்லை. நாம் விடை சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் கேள்வி நீடிக்கிறது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாழும் இந்தியப் பெண் ஒருவர் மனு எழுதிக் கையொப்பம் திரட்டியதும், 'ஷாதி' என்னும் பெரிய திருமண இணையத்தளம் தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. ஒரு பெண் கேட்டதால் அது நடந்தது. பெண்ணைப் பார்க்க வருபவர் நிறத்தைக் கேட்டால், "எங்கள் பெண்ணைப் பற்றி வேறு ஏதேனும் கேளுங்கள்" என்று சொல்லும் தந்தைமார் பத்துப் பேர் ஒரு தெருவில் இருந்தால் போதும். கேட்பவருக்கு நாக்கு கூசும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுப்புக்கு மகுடம் சூட்டிச் சிவப்பை இகழ வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. சிவந்த பெண்ணுக்கும் துன்பம் உண்டு. அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், "பார்க்க லட்சணமாக இருக்கிறாள்" என்பதோடு பாராட்டு முடிந்துவிடுகிறது. ஒல்லியானவளை 'ஒடிசல்' என்றும், பருத்தவளை 'அம்மிக்கல்' என்றும், உயர்ந்தவளை 'ஒட்டகம்' என்றும் அழைப்பவை எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். உடம்பைச் சுட்டிப் பேசும் எந்தப் பேச்சும், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும், எங்களைக் கண்ணாடியிடமே திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி முன் நின்று, "நான் அழகி, நான் அழகி" என்று நூறு முறை சொல்லிக்கொண்டாலும் மனம் நிறையாது. செய்ய ஒரு வேலை, கற்க ஒரு கலை, நம்மை நாடி வரும் நட்பு ஆகியவை இருந்தால் கண்ணாடி தானாகவே மறந்துபோகும். நிறைவு அந்த வழியாகத்தான் வரும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் எளியது. அன்புள்ள பெற்றோரே, எங்களுக்கு முகப்பூச்சு வாங்கித் தர வேண்டாம். மாலை நான்கு மணி வெயிலில் விளையாட அனுமதி தாருங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியைகளே, மேடையின் முன்வரிசையிலும் வரவேற்புத் தட்டு ஏந்தும் இடத்திலும் எல்லா நிறப் பெண்களும் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தோழியரே, ஒருத்திக்கு வைக்கும் பட்டப் பெயரில் அவள் உடம்பைத் தொடாதீர்கள். அடுத்த முறை உறவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வரும்போது, "கலரா?" என்று யாரேனும் கேட்டால், "நன்றாகப் பால் குடிக்கிறாளாம், நன்றாக அழுகிறாளாம்" என்று மட்டும் விடை சொல்வோம். அந்தப் பெண்ணாவது இக்கேள்வி காதில் விழாமல் வளரட்டும்!